தூம்பை அடைத்த ராஜபூ

முன்னொரு காலத்தில் மருதங்காட்டுச் சீமையை மாணிக்கபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், யாராவது புகழ்ந்துவிட்டால் மட்டும் புத்தி கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவருடைய கொலுமண்டபச் சுவரில் காரை நிற்கவே இல்லை. கொத்தன் வெயிலுகந்தான் மூன்று முறை பூசினான். மூன்று முறையும் ஊறி உதிர்ந்தது. கடைசியாக விழுந்த பாளம் ராஜாவின் கிரீடத்தையே நசுக்கிவிட்டது.

“சுண்ணாம்பில் கலப்படம், பிரபு!” என்றான் அமைச்சன் நரசப்பன். ஆமாம் போட்டே அமைச்சனானவன் அவன்.

“நாளைக்குள் மறுபடி பூசு. இனி உதிர்ந்தால் வலது கை உனக்கில்லை” என்றார் ராஜா.

வெயிலுகந்தான் கரண்டியைத் தரையில் வைத்தான். “பூசமாட்டேன், மகாராஜா.”

“என்ன திமிர்!”

“புண்ணுக்குள் முள்ளை வைத்துக்கொண்டு மேலே மருந்து தடவச் சொல்கிறீர்களே, சாமி! காரை ஏன் விழுகிறது? சுவரில் ஈரம். மழை விட்டுப் பத்து நாளாச்சு, ஈரம் ஏன் காயவில்லை? மாடியில் தண்ணீர் நிற்கிறது. அது ஏன் நிற்கிறது என்று பார்க்கப் போனால் இவர் விடமாட்டேன் என்கிறார்.” நரசப்பனைக் கைகாட்டினான்.

“அங்கே கண்டவன் கால் படலாமா?” என்று சீறினான் நரசப்பன்.

“அப்படியானால் மகாராஜாவே வரட்டும். என் கையை வெட்டுமுன் உங்கள் கையை ஒருதரம் தூம்புக்குள் விட்டுப் பாருங்கள், சாமி.”

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று படியேறினார்; மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். மொட்டைமாடியில் கணுக்காலளவு தண்ணீர். மழைநீர் வடியும் தூம்புக்குள் முழங்கைவரை விட்டு இழுத்தார். அழுகிக் கறுத்த பூக்கள் கொத்தாக வந்தன. ஒரே நாற்றம்.

“இங்கே ஏதடா இத்தனை பூ?”

“தினமும் சபையில் உங்கள் தலையில் சொரிகிறார்களே, அதுதான். ராஜாமேல் பட்ட பூ யார் காலிலும் மிதிபடக்கூடாது, மாடியில்தான் கொட்டவேண்டும் என்பது அமைச்சர் உத்தரவு.”

“ஏன் இப்படியொரு உத்தரவு?”

நரசப்பன் மெல்லப் படிப்பக்கம் நகர்ந்தான். வெயிலுகந்தான்தான் சொன்னான். “அதைக் கேட்டு உங்கள் உச்சி குளிர்ந்ததே, சாமி. அதனால்தான்.”

ராஜா தம் நாறும் கையைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “பூச்சொரிவது இன்றோடு சரி. நரசப்பா, இனி மாடி கூட்டுவது உன் வேலை.” தம் பட்டுச் சால்வையைக் கொத்தனுக்குப் போர்த்தினார். “இப்போதாவது பூசுவாயா?”

“மாட்டேன், சாமி. சுவர் காய ஒரு மாதமாகும்.”

“ராஜாவையே காக்க வைக்கிறாயா?”

“நீங்கள் ராஜா என்று சுவருக்குத் தெரியாதே!”

மாணிக்கபூபதி ஒரு மாதம் காத்திருந்தார்.