நண்டின் முதுகில் ஏறிய சிப்பிகள்

ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் ஒரு சேற்று நண்டு இருந்தது. ஆண்டுக்கொரு முறை அது தன் ஓட்டைக் கழற்றும். புது ஓடு இறுகும்வரை உடம்பு வெண்ணெய்தான். அதுவரை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். வெளியே கொக்கு நிற்கும்.

ஒருநாள் கழிமுகத்தை ஒட்டிய துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. வெறும் வயிறாக வந்தால் அலையில் ஆடும் என்று, தன் ஊர்த் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்திருந்தது. அதை இங்கே கொட்டிவிட்டுச் சரக்கேற்றிக்கொண்டு போயிற்று. கொட்டிய தண்ணீரில் கறுப்புச் சிப்பிக் குஞ்சுகள் சில இருந்தன. அரிசி அளவுதான். அவற்றில் மூத்தது நண்டிடம் பேசியது.

"அண்ணே, நாங்களா வரலை. தண்ணியோட வந்துட்டோம். காலும் கிடையாது, துடுப்பும் கிடையாது. உங்க முதுகுல ஓரமா ஒட்டிக்கிறோமே?"

நண்டை யாரும் அதுவரை அண்ணே என்று அழைத்ததில்லை. அது முதுகைக் காட்டியது. சுமந்துகொண்டு கழிக்குள் போனது.

வழியில் இறால் பார்த்துச் சிரித்தது. வாடகைக்கு விட்டாயிற்றா என்று கேட்டது. விருந்தாளிகள், எவ்வளவு இடத்தை அடைத்துவிடப் போகிறார்கள் என்றது நண்டு.

மழைக்காலம் போனது. சிப்பிகள் முட்டையிட்டன. குஞ்சுகள் கல்லில் ஒட்டின, கம்பத்தில் ஒட்டின, பிறகு ஒன்றின்மேல் ஒன்றாகச் சேற்றை மூடின. இரை தேடக் கையளவு சேறுகூட இல்லாமல் இறால்கள் ஊரைக் காலி செய்தன. கிளம்பும்போது, அன்று சிரித்த இறால் நண்டருகே நின்றது.

"ஓடு கழட்டுற காலத்துல எங்க போய்ப் படுப்பே? முதுகுல இருக்கிறதையாவது இப்பவே பாறையில தேய்ச்சுப் போடு."

அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றது நண்டு. அண்ணே என்று அழைக்க வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தக் காலம் வந்தது. அதைத் தள்ளிப்போட முடியாது. ஓடு பிளந்து கழன்றது. நண்டு வெற்றுடம்போடு வெளியே வந்து, சேற்றைத் தேடிக் கால்களால் துழாவியது. எங்கும் சிப்பி. கூரிய விளிம்புகள் வயிற்றைக் கீறின.

"கொஞ்சம் நகருங்க. உள்ளே இறங்கணும்."

கழற்றிப் போட்ட ஓட்டின் மேலிருந்து மூத்த சிப்பி பதில் சொன்னது. குரலில் பகை இல்லை.

"நகரத் தெரிஞ்சா உங்க முதுகுல எதுக்குண்ணே ஏறியிருப்போம்?"

கொக்கின் மெலிந்த கால் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. அருகே இன்னொன்று.

வந்து ஒட்டியதைச் சிறிதாக இருக்கும்போதே உதறாதவனுக்கு, தன் வீட்டிலேயே ஒளிய இடம் இருக்காது.