உப்புக் கரித்த குடம்

முன்னொரு காலத்தில் வேங்கை நாட்டைக் குலோத்தமன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மத்தியானம் அதையே மாற்றுவான். ஆனாலும் நல்ல மனசுக்காரன்.

ஒரு கோடையில் தலைநகரத்துக் கிணறுகள் சில உப்புக் கரித்தன. காரணம் கண்டுபிடித்து வரச் சொல்லி, அரண்மனைப் பாடசாலையில் படித்த இருவரை ராஜா அனுப்பினான். ஒருத்தி நல்லம்மை. மற்றவன் ஆஸ்தானப் புலவர் அகோரமூர்த்தியின் அக்காள் மகன் சபேசன். "நன்றாகக் கற்று வருபவரிடம் ஊர்க் கிணறுகளையெல்லாம் ஒப்படைப்பேன்" என்றான் ராஜா.

மழை தொடங்கும் சமயம் இருவரும் சபைக்கு வந்தார்கள். சாயப்பட்டறைத் தொட்டிகளின் உப்புநீர் மண்ணில் இறங்கிக் கிணற்றில் ஊறுகிறது; இருவர் சொன்ன விடையும் இதுதான். சபேசன் அதைப் பாட்டாகவே பாடினான்.

நல்லம்மைக்குப் பாட வராது. "முதலில் அது உப்பு மண் என்று நினைத்தேன் மகாராஜா. தோண்டிப் பார்த்தேன், தப்பாகப் போயிற்று. அப்புறம்தான் பட்டறைப் பக்கம் போனேன்..."

"தன் தப்பைச் சபையில் சொல்லிக்கொள்கிறாளே!" என்று சிரித்தார் புலவர்.

ராஜா சபேசன் பக்கம் கை நீட்டப்போனான். அமைச்சர் பொன்னம்பலம் எழுந்தார். "விடை ஒன்றுதான் பிரபு. கற்றவர் யாரென்று இனிமேல்தான் தெரியவேண்டும். இதோ, வடக்கு வாசல் கிணற்றுத் தண்ணீர். ஏன் கரிக்கிறது என்று சொல்லட்டும்" என்று ஒரு குடத்தை வைத்தார்.

சபேசன் ஒரு வாய் குடித்தான். "சந்தேகமென்ன? சாயத் தொட்டிதான்!"

ராஜாவும் குடித்துப் பார்த்தான். "ஆமாம், சாய வாடைகூட அடிக்கிறதே!"

நல்லம்மையும் ஒரு வாய் குடித்தாள். தெரியாது என்றால் பதவி போய்விடும். தெரிந்த மாதிரி சொல்லவோ மனசு வரவில்லை.

"எனக்குத் தெரியாது மகாராஜா. அந்தக் கிணற்றை நேரில் பார்க்காமல் எப்படிச் சொல்வேன்?"

"தெரியாதாம்!" என்றார் புலவர்.

"உள்ளதைச் சொன்னாள்" என்றார் அமைச்சர். "மடைப்பள்ளி உப்பு, பிரபு. மூன்று பிடி அள்ளிப் போட்டவன் நான்தான்."

சபேசன் தலை தொங்கிப்போயிற்று. "இது சூழ்ச்சி!" என்று குதித்தார் புலவர்.

"உட்காரும் புலவரே. சாய வாடை அடித்தது என் மூக்குக்கு. உம்மைவிட எனக்குத்தான் வெட்கம்" என்றான் ராஜா. "நல்லம்மா, கிணறுகள் இனி உன் பொறுப்பு. சபேசன் உன்கூட வந்து கற்றுக்கொள்ளட்டும். வேறென்ன வேண்டும், கேள்."

அவள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு சந்தேகம் அமைச்சரே. உப்புப் போடுவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தீர்களா?"

"இல்லையே அம்மா!" என்று அமைச்சர் தலையைச் சொறிந்தார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தான்.