வயிற்றின் மேல் ஒரு மலைப்பாம்பு

சூடத்தை ஏற்றிக் கொண்டுவாருங்கள், கையால் அடித்து அணைத்தே சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யில்லை. பாம்பின் நீளத்தில் மட்டும் ஒரு முழம் குறைத்திருக்கிறேன், நீங்கள் நம்பவேண்டுமே என்று.

மலையடிவாரத்தில், ஓடைக்கரைக் குடிசையில் ஒரு சாமியார் இருந்தார். வயது நாற்பது. அவருடைய ஒரே சீடர் மருதாசலத்துக்கு அறுபத்தைந்து. குரு சீடரை "அண்ணா" என்பார். சீடர் குருவை "சாமி" என்பார்.

மருதாசலம் அங்கே வந்தது ஞானம் தேடி அல்ல, தூக்கம் தேடி. மனைவி பாவாத்தாள் முப்பத்தெட்டு வருஷமும் அவர் வயிற்றின் மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுத்தான் தூங்கினாள். "எடுடி, மூச்சு முட்டுது" என்று அவரும் முப்பத்தெட்டு வருஷமும் சொன்னார். அவள் செத்த நாளிலிருந்து மூச்சு முட்டவில்லை. தூக்கமும் வரவில்லை.

ஐப்பசி மழையில் ஓடை பெருகியது. ஒரு மத்தியானம், குளிருக்கு ஒதுங்கிய மலைப்பாம்பு ஒன்று குடிசைக்குள் வந்து, கண்ணை மூடிக் கிடந்த மருதாசலத்தின் வயிற்றின் குறுக்கே ஏறிப் படுத்தது. அலறியிருக்க வேண்டிய மனுஷர் குறட்டை விட்டார்.

அன்றிலிருந்து அதை வளர்த்தார். தலை வாசலில் வெயில் காயும்போது வால் அடுப்படியில் இன்னும் எழுந்திருக்காது, அவ்வளவு நீளம். குருவின் கோழிகள் ஒவ்வொன்றாக முக்தியடைந்தன.

"மழை விட்டதும் மலைக்காட்டுல கொண்டுபோய் விட்டுருங்கண்ணா" என்றார் குரு. அவ்வளவுதான்.

மழை விட்டு மூன்று நாளாயிற்று. மருதாசலம் அசையவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"இதுக்கு எம்மேல பாசமுங்க. இல்லாட்டி தினமும் எம்மேலயே வந்து படுக்குமா? பாசமா இருக்கறதை எப்படிங்க காட்டுல விடறது?"

குரு எழுந்து அடுப்படிக்குப் போனார். ஒரு மண்பானையில் வெந்நீர் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, பாயின் மறுகோடியில் வைத்தார்.

பாம்பு நாக்கை நீட்டிப் பார்த்தது. மருதாசலத்தின் வயிற்றிலிருந்து மெல்ல வழிந்து இறங்கியது. பானையைச் சுற்றிக்கொண்டு, அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டது, அவர் மார்பில் சாய்ப்பது போலவே.

மருதாசலத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "ஒரு பானையும் நானும் ஒண்ணுங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. படுங்க."

படுத்தார். குரு பின்பக்கம் போய் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து, அவர் வயிற்றின் குறுக்கே வைத்தார்.

"பாரம் போதுங்களா?"

"போதுமுங்க."

"அப்பத் தூங்குங்க."

மருதாசலம் கண்ணை மூடினார். வெளியே ஓடை இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குழவியை ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"சாமி, இது அவ இல்லீங்களே."

குரு பானையைச் சுற்றிக் கிடந்த பாம்பைப் பார்த்தார்.

"அது மட்டும் அவங்களாண்ணா?"

மருதாசலம் குழவியை இறக்கிவைத்தார். பிறகு எழுந்து, பாம்பைச் சுற்றுச் சுற்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தார். முதல் மேடு ஏறும்போது, "மூச்சு முட்டுது" என்று அவர் சொன்னது கீழே கேட்டது. யாரிடம் சொன்னார் என்று குரு அப்புறமும் கேட்கவில்லை.

உங்களுக்கு இதைச் சொன்னது யார் என்று மட்டும் எங்கேயும் மூச்சு விடாதீர்கள். அந்தக் கோழிகளில் இரண்டைப் பாம்பு தின்னவில்லை.