துலக்கின பிளக்

ஆறுச்சாமிக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். முழங்கால் கிளட்சை மிதிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகு, பொள்ளாச்சியில் மரகதமணியின் ஒர்க்‌ஷாப்பில் கார் வேலை பழக வந்தார். மரகதமணிக்கு முப்பத்திரண்டு. இவர் அவளை மேஸ்திரி என்பார், அவள் இவரை அண்ணா என்பாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுக்குத் தொழில் தெரியும், இவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்வி. எந்த ஸ்பார்க் பிளக் நல்லது? சாதாரணமா, விலை கூடினதா? பாவம், அவர் ஓட்டின டீசல் லாரியில் பிளக்கே கிடையாது. பெட்ரோல் வண்டியில் அந்த விரல் நீளச் சாமான் பொறி தட்டினால்தான் எல்லாம் நடக்கிறது என்றதும் அதன் மேல் அவருக்கு ஒரு மோகம்.

மரகதமணியும் ஒரே பதில்தான் சொல்வாள். "பழசைப் பாருங்கண்ணா. புதுசை அப்புறம் கேக்கலாம்."

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு. கழற்றின பிளக்கை நாலு குழி வெட்டின பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசை மாறாமல் நிறுத்த வேண்டும். மேஸ்திரி பார்க்காமல் வண்டி வெளியே போகக் கூடாது. ஆறுச்சாமிக்கு இது வீண் சடங்காகப் பட்டது. குப்பைக்குப் போகிறதுக்கு என்ன வரிசை வேண்டிக் கிடக்கிறது என்று முணுமுணுப்பார்.

அவர் கண் வேறு இடத்தில் இருந்தது. மேஸ்திரியின் மேஜைக்கு மேலே ஆணியில் ஒரு பழைய பிளக் தொங்கும். வெள்ளிக் கொலுசு மாதிரி பளபளவென்று இருக்கும். தினமும் காலையில் கடை திறந்ததும் மரகதமணி அதை எடுத்துத் துடைத்து மாட்டுவாள். அப்போ பிளக் என்றால் இப்படித்தான் வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது என்று மனுஷன் முடிவு கட்டிக்கொண்டார்.

ஒருநாள் மரகதமணி லேத்துப் பட்டறைக்குப் போயிருந்த நேரம். வால்பாறை டாக்ஸி டிரைவர் ஜெபராஜ் வந்து நின்றார். வண்டி காலையில் எடுக்கும்போது உதறுகிறதாம். பின் சீட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிற பெண் ஒருத்தி, மடியில் பிறந்து ஒன்பது நாளான குழந்தை. மேஸ்திரி வர நேரமாகுமா என்று கேட்டார் ஜெபராஜ்.

ஆறுச்சாமிக்குக் கை துறுதுறுத்தது. நாலு பிளக்கையும் கழற்றினார். கடையில் இருந்ததிலேயே விலை கூடினதை எடுத்துப் போட்டார். வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. ஜெபராஜ் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். சும்மா சொல்லக் கூடாது, ஆறுச்சாமிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பழைய பிளக்குகளைப் பெட்ரோலில் ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, ஆணியில் தொங்குகிறதைப் போலவே துலக்கிப் பலகையில் நிறுத்தினார்.

மரகதமணி வந்தாள். பலகையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

எந்த வண்டி என்று கேட்டாள். சொன்னார். நாலும் என்ன நிறத்தில் இருந்தன என்று கேட்டாள். அவர் கவனிக்கவில்லை. அழுக்கு அழுக்குத்தானே என்று இழுத்தவர், யோசித்துவிட்டு, ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது, தேய்க்கக் கை வலித்துவிட்டது என்றார்.

"எத்தனாவது?"

நாலையும் ஒன்றாக ஊறப்போட்டதில் வரிசை கலைந்துபோயிருந்தது.

வெள்ளை அப்பியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் கசிகிறது என்று அர்த்தம். சமதரையில் தாக்குப்பிடிக்கும். மலை ஏறும்போது சூடேறி வளைவில் எஞ்சின் நின்றுவிடும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காமல் வண்டி பின்னால் உருளும். இதை அவள் ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டே சொன்னாள். ஆறுச்சாமி பின்னால் தொற்றிக்கொண்டார். ஜெபராஜுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. அந்தக் குழந்தை கொட்டாவி விட்டதை அவர் பார்த்திருந்தார். அதுதான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது.

மலையடிவாரத்தில் ஆழியாறு செக்போஸ்ட்டில் நல்லவேளையாக வண்டிகள் வரிசையில் நின்றன. ஏழாவதாக ஜெபராஜின் கார்.

மரகதமணி வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். சூட்டோடு கழற்றினால் பிளக் திருகுகிற மரை பெயர்ந்துவிடும் என்று எஞ்சின் ஆறும்வரை ஒரு மணி நேரம் நடுவெயிலில் நின்றாள். பிறகு புதுப் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்று காய்ந்திருந்தது. இரண்டு காய்ந்திருந்தது. மூன்றாவதன் நுனியில் ரேடியேட்டர் தண்ணீர் பச்சை நிறத்தில் ஒரு சொட்டு நின்றது.

ஜெபராஜ் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரமாகத் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாராம். வெயில் காலம்தானே என்று யாரிடமும் சொல்லவில்லையாம். தாயையும் பிள்ளையையும் வேறொரு டாக்ஸியில் ஏற்றி மலைக்கு அனுப்பினார்கள். காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்தும் ஆறுச்சாமிக்கு மனசு ஆறவில்லை. மேஸ்திரி திட்டினாலாவது ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. கை கழுவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"நீங்க மாட்டி வெச்சிருக்கறதைப் பாத்துத்தானுங்க மேஸ்திரி துலக்குனேன். அதை மட்டும் எதுக்குங்க அப்படிப் பளபளன்னு வெச்சிருக்கீங்க?"

மரகதமணி ஆணியிலிருந்து அந்தப் பிளக்கைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அது நானும் உங்களாட்டப் பாக்காமத் துலக்குனதுங்கண்ணா. ஒம்பது வருசமாச்சு. அந்த வண்டி மலைய விட்டு எறங்கி வரலீங்க. அதுல போன நாலு பேரோட பேரும் எனக்குத் தெரியும். சொல்லட்டுங்களா?"

ஆறுச்சாமி அந்தப் பிளக்கைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்து, திரும்ப ஆணியில் மாட்டினார்.