தாழம்புதரடியில் எடுத்த தண்ணீர்

ஒரு காட்டுக் குளக்கரையில் கரடி ஒன்று இலுப்பைப்பூப் பாகு காய்ச்சும் பட்டறை வைத்துப் பிழைத்து வந்தது. இலுப்பை பூப்பது வருஷத்தில் ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துப் பாகில்தான் கரடி வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். பூக் கழுவிய தண்ணீர் ஒரு மணல் தொட்டியில் வடிந்து, நாவல் மரத்தடியில் குளத்தில் சேரும். அந்தத் தொட்டியைத் தானே கட்டியதில் கரடிக்கு ஏகப்பட்ட பெருமை.

பூ கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் நாரை வந்தது. குளத்துத் தண்ணீரைச் சோதிக்கும் வேலையைக் காட்டரசு அதற்குத்தான் கொடுத்திருந்தது. அதன் அலகில் ஒரு தேக்கிலை நோட்டீஸ்.

கரடி கையை நீட்டியது. பக்கத்துப் புதரிலிருந்து கீரி ஓடிவந்து தடுத்தது. காட்டில் யாருக்கு நோட்டீஸ் வந்தாலும் பதில் எழுதிக் கொடுப்பது கீரிதான்.

"வாங்காதீங்கண்ணே! கையில வாங்கினாத்தான் நோட்டீஸ் வந்ததா அர்த்தம்!"

கரடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது. அவ்வளவு பெரிய உடம்பு, ஓர் இலைக்குப் பயந்து நின்றது! நாரை கோபப்படவில்லை. இரண்டு அணில்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டது. வேலம்பிசினைத் தடவி இலையைக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டது.

"ஒட்டிட்டாங்களே! இப்ப என்ன பண்றது?"

"பதில் தயாரா இருக்கு. மேல்கரை எருமைங்கதான் காரணம்னு போட்டிருக்கேன். நீங்க கையை மட்டும் பதிங்க!"

கரடி உள்ளங்கையில் மையைத் தடவியது. பிறகு தயங்கியது. "எதுக்குப் பதில்னே தெரியலையே!" என்று கதவருகே போய் முதல்முறையாக இலையைப் படித்தது.

'குளத்தில் நுரை. மீன்கள் மூச்சுக்குத் தவிக்கின்றன. தண்ணீர் எடுத்த இடம், தாழம்புதரடி. பத்து நாளில் பதில் வராவிட்டால் பட்டறை மூடப்படும்.'

"தாழம்புதரா? என் தண்ணி நாவல் மரத்துகிட்டல்ல விழுது!"

கீரி துள்ளிக் குதித்தது. "விட்டுது தொல்லை! இடமே தப்புன்னு எழுதிடலாம்!"

"இருப்பா. அவங்க ஏன் அங்க போய் எடுத்தாங்க?"

அந்த 'ஏன்' கரடியை விடவில்லை. தாழம்புதருக்கே போய்ப் பார்த்தது. நுரை மிதந்தது. குனிந்து முகர்ந்தது. இலுப்பைப்பூ வாசனை! கெண்டைகள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன.

"வாசனை நம்மளோடதுதான். வழி எது?"

மோப்பம் பிடித்துக்கொண்டே நடந்தது. வாசனை நேராகத் தன் தொட்டியில்தான் கொண்டுபோய் விட்டது. அடிச்சுவரில் ஓர் ஓட்டை. உள்ளேயிருந்து நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

"போன மழைக்கே குடி வந்துட்டேண்ணே! தாழம்புதர் வரைக்கும் வளை தோண்டியிருக்கேன். வீட்டுக்குள்ளயே இனிப்புத் தண்ணி ஓடுது. நல்லா கட்டியிருக்கீங்க!"

பின்னாலேயே வந்த கீரி கரடியின் காதைக் கடித்தது. "சத்தமில்லாம அடைச்சுடுங்க. பதில்ல எருமையே இருக்கட்டும்!"

"மீன் தவிக்கிறதைப் பார்த்துட்டேனேப்பா" என்றது கரடி.

அடுப்பை அணைத்தது. நாலு நாள் பூ தரையிலேயே வாடியது. அதைப் பார்க்கப் பார்க்கக் கரடிக்கு அழுகை வந்தது. ஆனாலும் நண்டை வேறு கரைக்குக் குடியேற்றி, வளையை அடைத்து, தொட்டியைக் களிமண்ணால் பூசியது. பிறகு தானே பதில் எழுதியது. 'நுரை என்னுடையதுதான். நண்டு வளை வழியே கசிந்தது. அடைத்துவிட்டேன். வந்து பாருங்கள்.' ஆறாம் நாளே அதை நாரையிடம் நேரில் கொடுத்தது.

நாரை வந்தது. கரடியைப் பூக் கழுவச் சொல்லி, இரண்டு இடத்திலும் தண்ணீர் எடுத்துப் பார்த்தது. நுரை இல்லை.

"அன்னிக்குக் கையில வாங்காதது என் தப்புதாம்மா" என்றது கரடி.

நாரை மற்றப் பட்டறைகளிலிருந்து வந்த ஏழு பதில் இலைகளை விரித்துக் காட்டியது. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே பதில். மேல்கரை எருமைகள்தான் காரணம்!

"மேல்கரையில எருமையே கிடையாது. இந்த ஏழு பட்டறைக்கும் நாளைக்குப் பூட்டு. மீன் செத்தா முதல்ல பட்டினி கிடக்கிறது நான்தானே! எங்க ஓட்டைன்னு சொன்னது நீ ஒருத்தன்தான். போ, அடுப்பைப் பத்தவை!"

கரடி திரும்பிப் பார்த்தது. கீரியைக் காணவில்லை. மரத்தில் இன்னும் பூ மிச்சம் இருந்தது.

குற்றம் சொல்லி நோட்டீஸ் வந்தால், ஒளியாமலும் பழியை அடுத்தவர் மேல் போடாமலும், அது காட்டும் இடத்துக்குப் போய்ப் பார்த்து, கண்டதை உள்ளபடி சொல்லிச் சரிசெய்பவரே பிழைப்பார்.