வெயில் பார்க்காத தைலம்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், பூனை பேசினால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படாத நாளில், வேரி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே மழை பெய்தால் மண் மணக்கும். வெயில் அடித்தால் மரம் மணக்கும். காற்று அடித்தால் ராஜாவின் அரண்மனை மணக்கும்.

அரண்மனை மணந்ததற்குக் காரணம் அதன் பின்னால் இருந்த வாசனைக் கொட்டாரம். சந்தனம், வெட்டிவேர், கிராம்பு, நாரத்தைத் தோல், புனுகு எல்லாம் அங்கேதான் தைலமாக மாறும். அந்தக் கொட்டாரத்துக்கு ஒரு கதவு உண்டு, ஜன்னல் கிடையாது. வெயில் பட்டால் தைலம் கெட்டுப்போகும் என்று கட்டியவர்கள் ஜன்னலே வைக்கவில்லை. உச்சிப்பொழுதிலும் உள்ளே விளக்கு எரியும்.

அந்தக் கொட்டாரத்தில் கை கொடுக்கிறவள் சிலம்பாயி. புதுத் தைலம் எதுவானாலும் ராஜ குடும்பத்தார் மேல் படுவதற்கு முன்னால், அவளுடைய முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு விழும். பிறகு மூன்று நாள் அவள் வாசலைத் தாண்டக் கூடாது. வெளியே போனால் தூசி படும், சோதனை கெட்டுவிடும் என்பது சட்டம். மூன்றாம் நாள் முடிந்ததும் அவள் கதவோரம் நின்று கையை நீட்டிச் சொல்வாள்:

"முதல் நாள் அரிப்பு இல்லை. இரண்டாம் நாள் சிவப்பு இல்லை. மூன்றாம் நாள் கொப்புளம் இல்லை. கை சுத்தம்!"

அவள் சொன்னால் சொன்னதுதான். கிராம்புத் தைலம் ஒரு சொட்டு கூடினாலும் அவள் கை காட்டிக்கொடுத்துவிடும். பதினோரு வருஷம் அந்தக் கை ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அந்த நாட்டு ராஜாவுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் செம்பவளம், நடுவுள்ளவள் வெண்முத்து, கடைசிப் பெண் நீலமணி. முடிசூடப் போகிறவர் வெயில் வலம் வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். உச்சி வெயிலில், முகத்திலும் கழுத்திலும் கையிலும் ராஜமுடித் தைலம் பூசிக்கொண்டு, கொடிமரத்தை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்கு மூன்றாம் நாள் கிரீடம்.

மூத்தவள் செம்பவளம் சுற்றினாள். மூன்றாம் நாள் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் கன்னத்தில் கறுப்புத் திட்டு. கழுத்தில் கறுப்புத் திட்டு. கையில் தைலம் வழிந்த மாதிரியே நீள நீளமாகக் கறுப்புக் கோடு. "சாபம்!" என்றது ஊர். அவளை மலைமேல் ஒரு மண்டபத்துக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வருஷம் வெண்முத்து சுற்றினாள். அதே திட்டு, அதே கோடு, அதே மண்டபம்.

தைலம் செய்தவன் பெயர் சவ்வாதுச் சாத்தன். ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய தைலக்காரர் திருமேனி ஒரே நாளில் காணாமல் போனார். மறுநாளே இவன் வந்து சேர்ந்தான். பார்க்க இருபத்தைந்து வயசுப் பையன் மாதிரி இருப்பான். நாற்பது முழத் திரை போட்ட பல்லக்கில்தான் வெளியே போவான். அவன் ராஜாவிடம் சொன்னான்:

"மகாராஜா, இந்தச் சிம்மாசனத்துக்கே சாபம். மூன்றாவது பெண்ணையும் அது தீண்டிவிட்டால், வேறு வழியில்லை, நானே அதில் உட்கார்ந்து சாபத்தைத் தாங்கிக்கொள்கிறேன்."

"எவ்வளவு நல்ல மனசு உனக்கு!" என்றார் ராஜா. ராஜாக்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு சீக்கிரம் பிடித்துப்போகும்.

"ஆனால் அந்தச் சிலம்பாயி கை சுத்தம், கை சுத்தம் என்று இரண்டு தடவை சொன்னாளே, அது பொய்தானே?" என்றான் சாத்தன்.

அவ்வளவுதான். தண்டோராக்காரன் மூன்று தெருவிலும் போனான். "சிலம்பாயி கை பொய்க் கை! மூன்றாம் தடவையும் பொய் சொன்னால் அந்தக் கை இருக்காது! டும் டும் டும்!" பதினோரு வருஷம் அவளைக் கண்டால் வழிவிட்டவர்கள் இப்போது அவள் கை பட்ட தண்ணீரைக் கொட்டினார்கள். யார் யார் கொட்டினார்கள் என்பது சிலம்பாயிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

மூன்றாம் வருஷம் வந்தது. நீலமணியின் வெயில் வலத்துக்கு அரை மாதம் இருந்தது. சாத்தன் புதுத் தைலத்தைக் கொண்டுவந்து சிலம்பாயியின் முழங்கையில் ஒரு சொட்டு விட்டான்.

"பார்த்துச் சொல்லு சிலம்பாயி. மிச்சம் இருப்பதே இரண்டு கை."

"உங்களுக்கும் இரண்டுதானே சாமி," என்றாள் சிலம்பாயி. அவன் சிரித்துக்கொண்டே போனான்.

முதல் நாள் அரிப்பு இல்லை. இரண்டாம் நாள் சிவப்பு இல்லை. மூன்றாம் நாள் கொப்புளம் இல்லை. கை சுத்தமாகத்தான் இருந்தது. அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தம் என்று சொன்னால் கை போகும். சுத்தம் இல்லை என்றால் அதுதான் பொய்.

கொட்டாரத்தின் மூலையில் ஒரு கூண்டு இருந்தது. அதில் ஒரு புனுகுப்பூனை. பத்து நாளுக்கு ஒரு தடவை மூங்கில் குச்சியால் அதன் வாலடியில் சுரண்டிப் புனுகு எடுப்பார்கள். எடுக்கிறவர்கள் எல்லாரும் "எவ்வளவு வந்தது?" என்றுதான் கேட்பார்கள். சிலம்பாயி மட்டும் பூனை வந்த முதல் வருஷம் ஒரு தடவை அதனிடம் "வலிக்குதா?" என்று கேட்டிருந்தாள். இரண்டாம் வருஷம் ஒரு தடவை கேட்டிருந்தாள். இன்றைக்குக் கவலையோடு கவலையாக மூன்றாம் தடவை கேட்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்காமல்?" என்றது பூனை. "குச்சியைக் கொடு, உனக்குச் சுரண்டிக் காட்டுகிறேன்."

சிலம்பாயி இரண்டு அடி பின்னால் போனாள். "பூனையாரே, நீங்கள் பேசுவீர்களா?"

"மூன்று தடவை வலியைக் கேட்டவரிடம் பேசலாம். அதுவும் மூன்றே கேள்வி. ஆமாம், இல்லை, அதற்கு மேல் பதில் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு மந்திரக் கட்டு. பேசுவீர்களா என்று கேட்டாயே, அதைத் தள்ளிவிடுகிறேன். கேள்."

சிலம்பாயி யோசித்தாள். "இந்தத் தைலத்தில் விஷம் இருக்கிறதா?"

"இல்லை."

"என் கை பொய் சொல்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் இளவரசிகளுக்குச் சாபமா?"

"இல்லை. முடிந்தது."

"எல்லாம் இல்லை என்றால் பிறகு என்னதான் இருக்கிறது?"

"அது நாலாவது," என்றது பூனை. "பதில் கிடையாது. ஆனால் திட்டுவதற்கு எனக்குக் கட்டு கிடையாது. கட்டுப் போட்ட பாவி அதை மறந்துவிட்டான். திட்டட்டுமா?"

"திட்டுங்கள்."

பூனை முன்னங்காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தது. "இதுவும் ஒரு வீடா? கல்லறைக்குக்கூட ஒரு பொந்து இருக்கும். ஆறு வருஷமாயிற்று நான் வெயிலைப் பார்த்து! இங்கே எண்ணெய் வெயிலைப் பார்ப்பதில்லை. பூனை வெயிலைப் பார்ப்பதில்லை. உன் கையும் வெயிலைப் பார்ப்பதில்லை. அந்த மூன்று பெண்களை மட்டும் நடு வெயிலில் நிறுத்துகிறார்கள், அறிவு கெட்டவர்கள்! அப்புறம் அந்தச் சாத்தன் இருக்கிறானே, அவன் மூஞ்சியும்..."

மீதித் திட்டு சிலம்பாயி காதில் விழவில்லை. அவள் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது கூண்டைத் திறந்துவிட்டாள். "வெயில் பார்க்க வேண்டும் என்றீர்களே. போய்ப் பாருங்கள்," என்றாள். பூனை நன்றி சொல்லவில்லை. இன்னும் திட்டு பாக்கி இருந்தது.

இன்னும் பார்த்து முடியவில்லை என்று கேட்டவர்களிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் தைலத்தை எடுத்துக்கொண்டு, சிலம்பாயி வெளியே துவைக்கிற கல்லுக்குப் போனாள். கையில் மூன்று இடம் வைத்தாள். முதல் இடத்தில் தைலம், மேலே துணிக்கட்டு. இரண்டாம் இடத்தில் தைலம் இல்லை, வெறும் வெயில். மூன்றாம் இடத்தில் தைலம், அதன் மேல் வெயில். உச்சிப்பொழுது முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். துணி கட்டிய இடம் சுத்தம். வெறும் வெயில் பட்ட இடம் சுத்தம். தைலமும் வெயிலும் சேர்ந்த இடம் கன்றிக் கறுத்திருந்தது.

அடுத்தபடியாகத் தைலத்தில் உள்ள ஒவ்வொரு சரக்கையும் அதே மாதிரி தனித்தனியாக வெயிலில் காட்டினாள். சந்தனம் ஒன்றும் செய்யவில்லை. வெட்டிவேர் ஒன்றும் செய்யவில்லை. நாரத்தைத் தோலைப் பிழிந்த எண்ணெய்தான் கறுத்தது. இருட்டில் அது பசு மாதிரி சாது. வெயில் பட்டால்தான் அதற்குக் கொம்பு முளைக்கும்.

இதைப் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவளே சூடு வைத்துக்கொண்டாள் என்பார்கள். கொட்டாரத்துச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. கை கொடுக்கிறவளுக்குச் சந்தேகம் வந்தால், "இன்னொரு கை" என்று கேட்கலாம். அப்போது தைலம் செய்தவனே தன் கையைக் கொடுக்க வேண்டும். இதுவரை யாரும் கேட்டதில்லை. சிலம்பாயி சபையில் போய் நின்று கேட்டாள்.

"இன்னொரு கை! கொடிமரத்தடியில், உச்சி வெயிலில்!"

சாத்தன் சிரித்தான். "கொட்டாரத்துக்குள்ளே கேள், இரண்டு கையும் தருகிறேன். வெயிலில் எதற்கு?"

"இளவரசி கொட்டாரத்துக்குள்ளேயா சுற்றப் போகிறார்?" என்றாள் சிலம்பாயி.

ராஜா சாத்தன் பக்கம் திரும்பினார். அவள் கேட்டது அவருக்கு நியாயமாகத்தான் பட்டது. "கை கொடு சாத்தா. அந்தக் கையில் வெயில் படும்வரை இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது," என்றார்.

கொடிமரத்தடியில் ஊரே கூடியது. சாத்தன் கையில் தைலம் பூசினார்கள். அவன் மடியிலிருந்து ஒரு சிட்டிகை புனுகை எடுத்துத் தணலில் போட்டு முணுமுணுத்தான். புகை மேலே போனது. மேகம் வந்து சூரியனை மூடியது. முதல் நாள் போயிற்று.

இரண்டாம் நாள் இன்னொரு சிட்டிகை. மறுபடியும் மேகம்.

"பேசாமல் போய்விடு சிலம்பாயி," என்றான் சாத்தன் மெதுவாக. "கால் வலிக்கவில்லை?"

"பதினோரு வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்தேன் சாமி. நிற்பது நன்றாகத்தான் இருக்கிறது."

மூன்றாம் நாள் மடியில் புனுகு தீர்ந்துபோயிற்று. அவன் ஆளை அனுப்பினான். ஆள் ஓடிப்போய் ஓடிவந்தான். "சாமி, கூண்டு திறந்து கிடக்கிறது! பூனை இல்லை!"

சாத்தன் வெறும் தணலைப் பார்த்து முணுமுணுத்தான். மேகம் சிறிது நேரம் தயங்கி நின்றது. பிறகு விலகிவிட்டது.

வெயில் அவன் கையில் விழுந்தது.

மற்றவர்களுக்குக் கறுக்க இரண்டு மூன்று நாள் ஆகும். சாத்தனுக்கு இருபத்தைந்து வயசு இல்லை. கிழ நாற்றம் தெரியாமல் இருக்க நூறு வருஷமாக அதே தைலத்தைத் தலை முதல் கால் வரை பூசி, நூறு வருஷமாக வெயிலுக்கு ஒளிந்தவன். நூறு வருஷ வெயிலும் ஒரே நாழிகையில் அவன் மேல் இறங்கியது. கை கறுத்தது. முகம் கறுத்தது. மந்திரத்தால் போர்த்திக்கொண்ட இளமை காய்ந்த தோலாகச் சுருண்டு உதிர்ந்தது. உள்ளே இருந்த கிழவன் முகத்தை மூடிக்கொண்டு ஓடினான். நிழல் தேடி இன்னும் ஓடிக்கொண்டிருப்பான்.

அந்த நிமிஷமே மதில்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த புனுகுப்பூனை திருமேனியாக மாறி, பொத்தென்று கீழே விழுந்தது. வெயில் வலத்துக்குப் பூசுகிற தைலத்தில் நாரத்தை எண்ணெய் சேர்க்கக் கூடாது என்று சொன்னதற்காகத்தான் சாத்தன் அவரைப் பூனையாக்கியிருந்தான். எழுந்தவர் ராஜாவைக்கூட வணங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "மூங்கில் குச்சி பிடித்தவர்கள் ஒன்பது பேர். எல்லார் முகமும் எனக்குத் தெரியும்," என்றார். ஒன்பது பேர் மெல்ல நழுவினார்கள்.

ராஜா சிலம்பாயியிடம் வந்தார். "தப்பு நடந்துவிட்டது அம்மா. என்ன வேண்டுமோ கேள். பொன்னா? நிலமா?"

"மூன்று கேட்பேன் மகாராஜா. மலைமேல் இருக்கிற பெண்களை அழைத்து வாருங்கள். அது சாபமில்லை, நாளாக ஆக மங்கிவிடும். மூத்தவருக்குத் திட்டோடேயே கிரீடம் வையுங்கள்."

"வைக்கிறேன்."

"கொட்டாரத்துச் சுவரில் தெற்குப் பக்கம் ஒரு ஜன்னல் வைக்க வேண்டும். தைலம் உள்ளே இருட்டில் இருக்கட்டும். என் இருக்கை ஜன்னலடியில்."

"வைக்கிறேன். மூன்றாவது?"

"தண்டோரா. அதே ஆள், அதே மூன்று தெரு, அதே சத்தம். சிலம்பாயி கை சுத்தமான கை என்று சொல்ல வேண்டும். தண்ணீரைக் கொட்டினவர்கள் வீட்டு வாசலில் இரண்டு தடவை. எந்தெந்த வீடு என்று நான் சொல்கிறேன்."

தண்டோராக்காரனுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆனாலும் சிலம்பாயி ஒரு வீட்டைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

செம்பவளம் ராணியானாள். வெண்முத்துவும் நீலமணியும் அக்காவுக்கு இரு பக்கமும் நின்றார்கள். கிரீடம் ஏறாததில் நீலமணிக்கு உள்ளூர சந்தோஷம். திருமேனி பழையபடி தைலம் செய்தார், ஆனால் புனுகு இல்லாமல். கொட்டாரத்துக்குள் எந்தக் கூண்டும் வரவில்லை. ஒவ்வொரு புதுத் தைலத்துக்கும் சிலம்பாயி ஜன்னலடியில் கையை நீட்டி உட்கார்ந்தாள். முடிந்ததும் கதவோரம் நின்று ஊருக்கே கேட்கச் சொன்னாள்:

"முதல் நாள் அரிப்பு இல்லை. இரண்டாம் நாள் சிவப்பு இல்லை. மூன்றாம் நாள் கொப்புளம் இல்லை. நாலாம் நாள் வெயிலிலும் கறுப்பு இல்லை. கை சுத்தம்!"

கதை அவ்வளவுதான். கேட்டவர்கள் அவரவர் கையை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு வெயிலுக்குப் போகலாம்.