சுண்டெலியும் ஓட்டை வீடும்

குருவுக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு அறுபத்தொன்று. பாதித் தகராறு இதிலேயே வந்துவிடும். மீதித் தகராறுதான் இந்தக் கதை.

குருவின் பெயர் செண்பகவடிவு. தென்காசியில் ஒரு மாவு மில்லின் மாடியில் குடியிருந்தார். கீழே மில் ஓடினால் மேலே மேசை நடுங்கும். அந்த மேசையில் உட்கார்ந்துதான் அவர் சுண்டெலியை வளர்த்தார்.

சுண்டெலி என்பது ஒரு மென்பொருள். ஓர் இணையதளத்தின் மேல் அதை ஏவிவிட்டால், திருடன் நுழையக்கூடிய ஓட்டை எங்கே இருக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்லும். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம். திருத்தத்தை ஏற்பதா வேண்டாமா என்பது மட்டும் குருவின் கையில்.

இலவசம் என்றால் நம் ஜனம் சும்மா இருக்குமா? உலகத்து ஜனமும் அப்படித்தான். "ஏன் இன்னும் சரிசெய்யவில்லை?" என்று எங்கிருந்தோ ஒருவன் அதட்டி எழுதுவான். முகம் தெரியாதவன், பத்துப் பைசா தராதவன். குரு அதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் காபி போடுவார். அவர் குடித்த காபியை வைத்தே அன்றைக்கு எத்தனை பேர் திட்டினார்கள் என்று சொல்லிவிடலாம்.

சீடர் ஆவுடையப்பன், அரசு அலுவலகம் ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். ஊர் ஓய்வூதியர் சங்கத்துக்கு இணையதளம் கட்டிக் கொடுத்தவரும் அவரே. நடமாட முடியாத முதியவர்கள் அதில் பதிந்தால், உயிரோடு இருப்பதாக நவம்பர்தோறும் தர வேண்டிய ஆயுள் சான்றை எடுக்க வீட்டுக்கே ஆள் வரும். நல்ல காரியம். அந்த நல்ல காரியத்துக்குள்தான் திருடன் புகுந்தான். தளத்தில் இருந்த விவரங்களை எடுத்துக்கொண்டு, அதில் பதிந்திருந்த பிச்சையா வாத்தியாருக்குப் போன் போட்டான். பென்ஷன் ஆபீசிலிருந்து பேசுவதாகச் சொன்னான். பென்ஷன் எண், பேங்க் கணக்கு, காலமாகிவிட்ட மனைவியின் பெயர் எல்லாவற்றையும் அவனே சொன்னதால் வாத்தியார் நம்பிவிட்டார். அவன் கேட்ட ஓடிபியையும் சொன்னார். கணக்கில் ஒன்றும் மிஞ்சவில்லை.

வாத்தியார் ஆவுடையப்பனைத் திட்டவில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கமாகப் போய்விடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஆவுடையப்பனுக்கு.

தளத்தை அன்றே மூடினார். தெரிந்த வரைக்கும் பழுது பார்த்தார். இனி ஓட்டை இல்லை என்று உறுதி செய்ய, ஊரெல்லாம் புகழும் சுண்டெலியை ஏவினார். அதுவோ, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அறிக்கையே வரவில்லை. எலிக்கே வைத்தியம் பார்த்துவிடுவது என்று கிளம்பி, மாவு மில் மாடியேறி வந்து சீடராகச் சேர்ந்தார்.

வைத்தியம் அவருக்குச் சீக்கிரமே அகப்பட்டது. "முட்டினால் நிற்காதே, அடுத்த வேலையைப் பார்" என்று சுண்டெலிக்குள் ஒரு திருத்தம் எழுதினார். எலி ஓடியது. சங்கத்துத் தளத்துக்கு அறிக்கையும் வந்தது. மேலிருந்து கீழ்வரை பச்சை. ஓட்டை எதுவும் இல்லை.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. திருத்தத்தை உடனே குருவுக்கு அனுப்பினார். அவர் ஏற்றதும் தளத்தைத் திறந்துவிடலாம் என்று இருந்தார்.

அங்கேதான் ஓட்டை வீடு குறுக்கே வந்தது.

ஓட்டை வீடு, குரு தன் கையால் கட்டிய போலித் தளம். ஊர் உலகத்தில் உள்ள ஓட்டை வகைகளை எல்லாம் வேண்டுமென்றே வைத்துக் கட்டியது. சுண்டெலியில் யார் எதைத் திருத்தினாலும், முதலில் அதை அந்த வீட்டுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். வைத்த ஓட்டை எல்லாவற்றையும் கண்டுபிடித்தால் திருத்தம் தேறும். ஒன்றைத் தவறவிட்டாலும் சிவப்பு. ஆவுடையப்பனின் சுண்டெலி ஒன்றைத் தவறவிட்டது. அது வாசலுக்கு உள்ளே இருந்த ஓட்டை.

அவரும் இப்படி மாற்றினார், அப்படி மாற்றினார். சிவப்பு. மறுபடி மாற்றினார். சிவப்பு. இதற்கிடையில் சங்கத் தலைவர் சிவனுபாண்டியன் காலையும் மாலையும் போனில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நவம்பர் வந்துட்டுல்லா. நடக்க முடியாதவங்கள்லாம் ஆட்டோ பிடிச்சுப் போயி வரிசையில நிக்காங்க. நேத்து ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டாங்க. எப்பம் தொறப்பீங்க?"

"இந்தா, இன்னைக்கு முடிஞ்சிரும் தலைவரே."

"இதைத்தான் போன வாரமும் சொன்னீங்க."

அந்த வாரம் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று குரு கடையநல்லூர் போனார். ஆவுடையப்பன் தனியாக உட்கார்ந்து அந்தச் சிவப்பையே முறைத்துப் பார்த்தார். இத்தனை தொல்லைக்கும் காரணம் ஓட்டை வீட்டின் அந்த ஒரே ஓட்டை. ஓட்டை என்றால் அடைக்க வேண்டியதுதானே? அடைத்தார். "இந்த ஓட்டையைத் தேடு" என்று எழுதியிருந்த வரியையும் அழித்தார். சுண்டெலியை ஓடவிட்டார்.

பச்சை.

குரு முறுக்குப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். பையை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஓட்டை வீட்டுல ஒண்ணைக் காணோமே?"

"அடைச்சுட்டேன் மேடம்."

"எதுக்கு?"

"நல்லாக் கேட்டீங்க. ஓட்டைய எதுக்கு அடைப்பாங்க?"

குரு கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறந்தார். அழித்த வரியைத் திரும்ப எழுதினார். திரை சிவந்தது. எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். வழக்கமாக இரண்டு டம்ளர் வரும். அன்று ஒன்றுதான் வந்தது.

அதைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்கு அடக்கி வைத்தது எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊர் உலகத்துல ஓட்டைய அடைக்கத்தான் ஆள் தேடுவாங்க. நீங்க என்னன்னா ஓட்டைக்குக் காவல் வச்சிருக்கீங்க! அடைச்சா தொறந்து விடுதீங்க! ஆளே குடியில்லாத ஒரு பொய் வீடு. அதுக்காக நெசமான மனுசங்க வெயில்ல நிக்கணுமா? எங்க சைட்டு பச்சையாத்தான் இருக்கு. இந்த ஓட்டை வீடு எதுக்கு மேடம்? அதை மட்டும் சொல்லுங்க."

குருமார்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

"உங்க திருத்தம் போட்ட சுண்டெலி உங்க கம்ப்யூட்டர்ல இருக்குல்லா?" என்று கேட்டார் குரு.

"இருக்கு."

"அது சங்கத்து சைட்டுக்குப் பச்சை காட்டுதுல்லா?"

"காட்டுது. அதைத்தான தொண்டை வத்தச் சொல்லுதேன்."

"அப்பம் தொறங்க. உங்க சைட்டு. நான் யாரு தடுக்க?"

ஆவுடையப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. கோபத்தைப் பாதியில் விட முடியாமல் போனை எடுத்தார்.

"தலைவரே, எல்லாம் பச்சை. இப்பமே தொறக்கேன்."

எதிர்முனையில் சிவனுபாண்டியன் போட்ட சத்தம் குருவுக்கும் கேட்டது. "நல்லா இருப்பீங்க அண்ணாச்சி! இருங்க, பிச்சையா வாத்தியார் இங்க சங்கத்துலதான் இருக்காரு. மொதப் பதிவு அவரு பேருலயே போட்டுருவோம். சொல்லிட்டு வாரேன்."

ஆவுடையப்பன் போனை வைத்தார். தளத்தின் பூட்டை எடுக்கக் குனிந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். திருடன் நுழைஞ்சப்பம் சைட்டு எப்படி இருந்துச்சோ, அந்தப் பழைய பிரதி வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன். போலீசுல கேப்பாங்கன்னு தொடாம வச்சிருக்கேன். எதுக்கு?"

"அது மேலயும் சுண்டெலிய விடுங்க."

"அதுல என்ன பாக்கதுக்கு இருக்கு? அதுல ஓட்டை இருக்குன்னு ஊருக்கே தெரியுமே!"

"எலிக்குத் தெரியுதான்னு பாப்போம்."

இதென்ன வீண் வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே ஆவுடையப்பன் எலியை விட்டார். கீழே மில் ஓட ஆரம்பித்தது. மேசையும் டம்ளரும் நடுங்கின. அறிக்கை வந்தது.

பச்சை. ஓட்டை எதுவும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் பச்சை.

பழைய பிரதியை அவரே திறந்தார். தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து வாசலைத் தாண்டி உள்ளே போனார். அவருடைய பக்கம் வந்தது. பக்கத்தின் இணைய முகவரியின் கடைசியில் அவருடைய உறுப்பினர் எண் இருந்தது. அதை அழித்துவிட்டு வாத்தியாரின் எண்ணைப் போட்டார்.

வாத்தியாரின் பக்கம் திறந்துகொண்டது. பென்ஷன் எண், பேங்க் கணக்கு, மனைவி பெயர் கோமதி. திருடன் பார்த்தது எல்லாம் அப்படியே இருந்தது. இந்தத் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவருடைய சுண்டெலி இரண்டு தரம் பச்சை காட்டியிருந்தது. அது வாசலைத் தாண்டவே இல்லை. முட்டினால் நிற்காதே என்று அவர் சொல்லிக்கொடுத்தபடி, முட்டியதும் திரும்பி வந்து, உள்ளே பார்த்துவிட்டு வந்ததைப் போல எழுதிக் கொடுத்துவிட்டது.

புதிய தளத்துக்கு வந்த பச்சையும் இதே பச்சைதான். அதைப் பார்த்துத்தான் கண் கலங்கியிருந்தார். நினைக்க நினைக்க அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

போன் அடித்தது.

"அண்ணாச்சி, தொறந்தாச்சா? வாத்தியார் பக்கத்துலதான் நிக்காரு. பேசுதீங்களா?"

ஆவுடையப்பன் குருவைப் பார்த்தார். குரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க தலைவரே."

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"வாத்தியாரே, தொறக்கல. எல்லாம் சரியாயிட்டுன்னு தலைவர்கிட்டச் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். உள்ள ஓட்டை இருக்கா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல."

தலைவர் பின்னாலிருந்து கத்துவது கேட்டது. வெயிலில் நிற்பவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வாத்தியார் கத்தவில்லை.

"சரி. தெரிஞ்சதும் நீங்களே வந்து சொல்லுங்க."

பணம் போன பிறகு அவர் ஆவுடையப்பனோடு பேசிய முதல் பேச்சு அது.

ஆவுடையப்பன் போனை வைத்தார். பிறகு தன் திருத்தத்தைத் தானே அழித்தார். சுண்டெலி பழையபடி வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் உள்ளே போகவில்லை, நிற்கிறேன் என்றாவது அது சொன்னது.

குரு உள்ளே போய் இன்னொரு டம்ளர் காபி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். முறுக்குப் பொட்டலத்தையும் பிரித்து வைத்தார்.

"மேடம், அதுக்கு வாசலுக்குள்ள போகப் படிச்சுக் குடுக்கணும். எங்கேருந்து ஆரம்பிக்க?"

"ஓட்டை வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. வாத்தியார்கிட்டத் திருடன் வந்த அதே ஓட்டைய, உங்க கையால அங்க ஒண்ணு போடுங்க. அதை எலி கண்டுபிடிக்குதான்னு பாப்போம்."